நொரயாயிக்கு மாப்பிள்ளை

பாஷ்யம்: அதெல்லாம் அப்பறம். மாப்பிள்ளை யாரு? அதைச் சொல்லு மொதல்ல.

சடையன்: தலைவர் வூட்டு கரியன் சாமி. புதுப்பட்டினம் குப்பத்துல அத்தப் போல நாயி கெடையாது. நின்னுச்சுன்னா என் இடுப்பு ஒசரம் வரும்.

பாஷ்யம்: பொண்ணு?

சடையன்: தோ, கூடையில கீது. பூவாயி, மூடியத் தொறந்து டாக்டரய்யாவுக்குக் காட்டு மே.

பூவாயி: இரு மச்சான்... இப்பத்தான் கண்ணசந்துது. பஸ்ஸுல வந்த அலுப்பு.

சடையன்: அலுப்பு அதுக்கா ஒனக்கா? சாமி, திருக்கழுக்குன்றம் தாண்டறதுக்குள்ள ரெண்டு தபா வாந்தி எடுத்துட்டா. பெட்ரோல் நாத்தம் ஒத்துக்கல.

பூவாயி: சொம்மா இரு. அது இப்ப எதுக்கு?

பாஷ்யம்: மீன் கூடையிலயா நாயைக் கொண்டு வந்தேள்? எங்கே, தள்ளு... அட! அட பெருமாளே... இது என்ன, பஞ்சுப் பொதியா?

சடையன்: நாயிதான் சாமி. எங்க நொரயாயி.

பாஷ்யம்: பதினெட்டு வருஷமா இந்தச் செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரியிலே உக்காந்திருக்கேன். எருமையைப் பாத்தாச்சு, ஜட்காக் குதிரையைப் பாத்தாச்சு, கோவில் யானைக்குப் பேதி மருந்தே குடுத்தாச்சு. இந்த மாதிரி நாய், மெட்ராஸ்ல படிக்கறச்சே துரைமார் வீட்ல ரெண்டு பாத்தேன். அதோட சரி. எங்கே பிடிச்சேள் இதை?

சடையன்: புடிக்கல சாமி. கடலு குடுத்துது.

பாஷ்யம்: கடலா?

சடையன்: மூணு வருசம் ஆவுது. ஐப்பசி பொயலு அடிச்சு ஓஞ்ச மறுநாளு. நானும் எங்க அண்ணாத்த செங்கல்வராயனும் கட்டுமரத்த எட்த்துகினு போனோம். கரை கண்ணுக்குத் தெரியல. கெழக்கால வெள்ளையா ஒண்ணு ஆடிகினு வருது. நொரன்னு நெனச்சேன்... கிட்டப் போனா, நொரைக்குக் கண்ணு இருக்குது சாமி!

பாஷ்யம்: தண்ணியிலயா?

சடையன்: டீத்தூளு பொட்டியோட மூடி ஒண்ணு. அதும்மேல நாலு காலையும் பரப்பிகினு கெடக்குது. இம்மாத்தூண்டு. தூக்கலாம்னு கைய நீட்டுறேன், என்னைப் பாத்து ஒறுமுது! சாவக் கெடக்குது, ஒறுமுது! அண்ணாத்த துடுப்பக் கீழ வெச்சுட்டுக் கும்புட்டாரு.

பூவாயி: அந்தத் திமிரு இன்னும் அடங்கல. கரியன் வந்தாக்கூட இவதான் மொதல்ல கொலைப்பா.

பாஷ்யம்: கும்பிட வேண்டியதுதான். எனக்கே உடம்பு சிலிர்க்கறது, பாரு... சரி சடையா, இதுக்குக் கல்யாணம் பண்ணணும்னு ஏன் தோணித்து?

சடையன்: இது வம்சம் நிக்கணும் சாமி. நாயி எத்தினி நாளு இருக்கும்? ஒரு நாளு பூடும். அப்பால அந்தக் கடலு குடுத்ததுக்கு எங்கையில இன்னா கீது? ஒரு குட்டி ஒண்டி இருந்தா...

பூவாயி: ஒரு குட்டின்னா சொன்ன? பதினோரு பேருக்கு வாக்கு குடுத்துட்டு வந்துகீறான் சாமி.

பாஷ்யம்: பதினோரு பேரா!

சடையன்: இன்னா பண்றது, கேக்கறாங்களே. கட்டுமரத்துல இது கால் பட்டா வலை நெறையும்னு சொல்றாங்க.

பாஷ்யம்: இந்த ஜாதி ரெண்டு போடும். மூணு போட்டா அதிசயம். பதினோரு பேரும் சண்டை போட்டுண்டு நிப்பான். சரி, ரெண்டே குட்டின்னு வெச்சுக்கோ. வாங்கிண்டு போறவன் வளப்பானா? மழையில நனைஞ்சா தொடைப்பானா? கருவாடு காயற எடத்துல கட்டிப் போட்டுட்டுக் கடலுக்குப் போயிடுவானா?

சடையன்: அத்த... நான் கேக்கலையே.

பாஷ்யம்: கேக்கணும். பொண்ணு குடுக்கறச்சே கேக்க மாட்டே?

சடையன்: எங்க மாரியம்மாவக் கடப்பாக்கத்துல குடுக்கறச்ச, மாப்பிள்ளை வூட்டுக் கெணத்துத் தண்ணியக்கூட குடிச்சுப் பாத்தேன் சாமி.

பாஷ்யம்: அதே மாதிரிதான். இப்போ இந்தப் பக்கம் வா. இதோட இடுப்பைப் பாரு. இங்கே, ரெண்டு எலும்புக்கும் நடுவுல. என் விரல் ரெண்டு நுழையறதே கஷ்டம். உன் கரியனோட தலை எவ்ளோ பெரிசு?

சடையன்: தேங்கா மாதிரி... அய்யய்யோ.

பாஷ்யம்: ம். அவன் குட்டி இவ வயத்துல வளந்தா எப்படி வெளியில வரும்? முட்டிண்டு நின்னுடும். தாயும் போயிடும், குட்டியும் போயிடும். மெட்ராஸ் வேப்பேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு ஓடணும். புதுப்பட்டினத்துலேர்ந்து வேப்பேரி போறதுக்குள்ளே...

பூவாயி: போதும் சாமி. வாணாம். கரியன் வாணாம்.

சடையன்: நான் கொயந்தையாச்சே, வளந்துடும்னு நெனச்சேன்.

பாஷ்யம்: எது வளந்துடும்?

சடையன்: இதான். நொரயாயி. குட்டிதானே இது? மூணு வருசமா வளரும் வளரும்னு பாத்துகினே கீறோம், வளரவே இல்ல. கடல்ல அலைஞ்சதுல ஊட்டம் பூட்சுன்னு பாலும் மீனுமா போடுறோம்.

பூவாயி: பொடவையில ஏணை கட்டிப் போட்டு ஆட்டினாத்தான் தூங்கும் சாமி.

சடையன்: எங்க பேரன் வந்தான். தவழுற புள்ள. அந்த ஏணையில அவனப் போட உடல இவ! இது நொரயாயி எடம்னுட்டா. மாரியம்மா மூணு நாளு மூஞ்சியத் தூக்கிகினு இருந்தா.

பாஷ்யம்: ஏணையா... இரு, சிரிக்கலே. நாய் எப்போ பருவத்துக்கு வந்தது?

சடையன்: போன சித்திரையில. வயசுக்கு வந்துச்சு. இவ சடங்கு வேற சுத்தினா.

பாஷ்யம்: என்னது?

பூவாயி: மஞ்சத்தண்ணி ஊத்துனேன். புட்டு அவிச்சேன். பொம்பள புள்ளையாச்சே சாமி, உட்டுட முடியுமா? குப்பத்துப் பொம்பளைங்க அத்தினி பேரும் வந்தாங்க. சந்திரம்மா வளையலு வாங்கியாந்தா, காலுல போட்டா நிக்கல.

பாஷ்யம்: பெருமாளே... சரி, வாயைத் தொற கண்ணு. கடிக்காதே. நன்னாப் பிடிச்சுக்கோ சடையா... ஓகோ.

சடையன்: இன்னா சாமி ஓகோ?

பாஷ்யம்: முன்பல்லு பாதி தேஞ்சு போயிருக்கு. ரெண்டைக் காணவே காணோம்.

பூவாயி: பால் பல்லு உயுந்துகீது.

பாஷ்யம்: கண்ணை வெளிச்சத்துல காட்டு. ம்... நீலம் பாஞ்சிருக்கு. முட்டிச் சில்லு நழுவறது. இது வம்சத்துல வர்றது, பொறக்கற குட்டிக்கும் வரும். கழுத்துல என்ன, மயிருக்குள்ளே?

பூவாயி: தொடாதீங்க சாமி! தாயத்து அது. வர்றப்பவே கெட்டியிருந்துது. அதான் இத்தக் காப்பாத்திச்சு.

பாஷ்யம்: தாயத்தா?

பூவாயி: வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம குங்குமம் வெச்சுக் கும்புடறேன். எழுத்தெல்லாம் கீது, மந்திரம்.

பாஷ்யம்: குங்குமத்தைத் தொடைக்கறேம்மா, கோச்சுக்காதே. ...பித்தளை வில்லை. ...இது மந்திரம் இல்லே. இங்கிலீஷ்.

சடையன்: இன்னான்னு போட்டுகீது?

பாஷ்யம்: இரு... கண்ணாடியைப் போட்டுக்கறேன். ஆர், ஏ, என்... ரங்கூன். ரங்கூன்னு போட்டிருக்கு சடையா! முன்னூத்துப் பன்னண்டு, அது நம்பர். நாய் வளக்கறதுக்கு அங்கே லைசென்சு குடுத்திருக்கான்.

சடையன்: ரங்கூனா? பர்மா ரங்கூனா? எங்க பெரியப்பா போன ஊரு சாமி அது! கப்பல்லயே நாலு நாளு...

பாஷ்யம்: அங்கேருந்து மெட்ராஸ் வந்த ஏதோ கப்பல்லேர்ந்து விழுந்திருக்கு. புயல்ல விழுந்து, ஒரு மூடியைப் பிடிச்சுண்டு... இவ்வளவு பெரிய சமுத்திரத்துலே...

பூவாயி: என் தாயி... இம்மாந்தூரமா வந்த?

பாஷ்யம்: கீழே வருஷம் போட்டிருக்கு. ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்தேழு.

சடையன்: சொதந்தரம் வந்த வருசம்.

பாஷ்யம்: ஒன்பது வருஷம் ஆச்சு. அப்பவே வளந்த நாய், இல்லேன்னா லைசென்சு குடுக்க மாட்டான். பத்து வயசு, பதினொண்ணுகூட இருக்கும். இது இவ்ளோதான் வளரும் சடையா. வளந்து முடிஞ்சு, கெழவியும் ஆயாச்சு. மனுஷக் கணக்குல அறுபதைத் தொட்டவ.

பூவாயி: கெழவியா?

பாஷ்யம்: கெழவிதான்.

பூவாயி: அய்யோ மச்சான்! கெழவியப் போட்டா மூணு வருசமா ஏணையில ஆட்டிகினு கெடந்தேன்!

சடையன்: அறுபது வயசுல சடங்கு சுத்தி வளையலு போட்டியே மே!

பூவாயி: ஒனக்கு ஒண்டி தெரிஞ்சுதா? நீயுந்தான் புட்டு தின்ன!

பாஷ்யம்: பருவம் முன்னாடியும் வந்திருக்கும்மா. சின்ன நாய், தானே நக்கிச் சுத்தம் பண்ணிண்டுடும். ஒங்க கண்ணுல படலே. அவ்ளோதான். இன்னும் ஒண்ணு சொல்லட்டுமா? காம்பைப் பாத்தா தெரியறது. இவ குட்டி போட்டவ.

பூவாயி: இன்னா சாமி?

பாஷ்யம்: ஒரு தரமோ ரெண்டு தரமோ. ரங்கூன்ல. இவ பசங்க அங்கே எங்கேயோ ஓடிண்டிருக்கும். பேரன் பேத்திகூட எடுத்திருப்பா.

பூவாயி: பேரன் எடுத்தவளா...

சடையன்: இன்னா மே கண்ணு கலங்குற?

பூவாயி: ஒண்ணுமில்ல. அத்தினியும் உட்டுட்டுத் தனியா கடல்ல கெடந்துதேன்னு... சாமி, அந்தக் கேரியருல நார்த்தங்கா வாசன வருது. ஒரு துண்டு குடுப்பீங்களா? வாயி கசக்குது.

பாஷ்யம்: என் மோர் சாதத்துக்கு வெச்சது. எடுத்துக்கோ, எடுத்துக்கோ. ...சடையா, முகத்தைத் தொங்கப் போடாதே. கேளு. இந்த வயசுல இவளுக்கு மாப்பிள்ளை தேடினா, இவளைக் கொல்றதுக்கு நாள் பாக்கறோம்னு அர்த்தம். சின்ன மாப்பிள்ளையும் வேண்டாம், பெரிய மாப்பிள்ளையும் வேண்டாம். கரியனைக் கிட்ட விடாதே.

சடையன்: உட மாட்டேன் சாமி. இம்மாங்கடலு தாண்டி வந்தவள நான் கரையில சாவடிப்பனா? பதினோரு பேரும் என்னைத் திட்டட்டும். ...நான் கொயந்தைன்னு கொஞ்சினேனே, இது என்னை என்னான்னு நெனச்சிருக்கும்?

பாஷ்யம்: பேரன்னு நெனச்சிருக்கும்.

சடையன்: கும்புடுறேன் ஆயா. இனிமே ஒன்ன 'வாடி'ன்னு கூப்புட மாட்டேன்.

பூவாயி: சாமி... ஒண்ணு கேக்கட்டா?

பாஷ்யம்: கேளு.

பூவாயி: இம்மாம் வயசானா, நாய்க்கு அது... நின்னு பூடாதா?

பாஷ்யம்: தீட்டா? நிக்காது. மனுஷாளுக்குத்தான் நிக்கும். நாய்க்குக் கடைசி வரைக்கும் வரும். உடம்புதான் தாங்காது.

பூவாயி: நின்னுபூட்சுன்னு நெனச்சுகினு கீறப்ப... தங்கிட்சுன்னா?

சடையன்: இன்னா மே ஒளர்ற? நாய்க்குத்தான் நிக்காதுன்றாரே.

பூவாயி: சொம்மா கேக்கறேன். ஆசப்பட்டு இல்ல சாமி... தெரியாம. கடவுளா பாத்துக் குடுத்துட்டா?

பாஷ்யம்: குடுத்துட்டா... குடுத்ததுதான்.

பூவாயி: எங்க பக்கத்துல ஒருத்தி பச்சிலை அரைச்சுக் குடுக்கறா. கலஞ்சுடும்ன்றா.

பாஷ்யம்: வேண்டாம்! அது பக்கமே போகப்படாது. அந்தப் பச்சிலையைத் தின்னுட்டு எத்தனை ஜீவன் இந்த மேஜைமேலே கெடந்திருக்கு, தெரியுமா? ஒண்ணையும் என்னால எழுப்ப முடியலே.

பூவாயி: இல்ல சாமி... ஊரு சிரிக்குமேன்னு.

பாஷ்யம்: நாய்க்கு வயத்துல உண்டானா ஊர் எதுக்குச் சிரிக்கறது?

சடையன்: அதானே! நார்த்தங்கா தலைக்கு ஏறிப்பூட்சு இவளுக்கு. ஏந்திரு மே, நாலு மணி பஸ்ஸு பூடப் போவுது.

பாஷ்யம்: சடையா, நீ செத்த வாயை மூடிண்டு இரு. ...பூவாயி, இந்த ஸ்டூல்ல உக்காரு. தரையில வேண்டாம். உனக்கு ஒரு பசுவைப் பத்திச் சொல்றேன்.

சடையன்: நாய்க்கு நடுவுல பசு இன்னாத்துக்கு சாமி?

பாஷ்யம்: திருவிடந்தையிலே பட்டர் வீட்டுப் பசு. வயசான பசு. பால் வத்திப் போச்சு, இனிமே சினைப்படாதுன்னு முடிவு பண்ணிட்டா. திங்க மாட்டேங்கறது, என்னமோ வியாதின்னு என்னைக் கூப்பிட்டா. நான் போய் விலாவிலே கையை வெச்சேன்... உள்ளேருந்து ஒண்ணு என் கையை ஒதைச்சது.

பூவாயி: ஒதைச்சுதா...

பாஷ்யம்: நன்னா ஒதைச்சது. பதினெட்டு வருஷமாப் பாக்கறேன்னு பேரு. ஆனா அன்னிக்குக் கையை எடுக்க மனசே வரலே. யாரும் கேக்கலே, யாரும் எதிர்பாக்கலே. அது பாட்டுக்கு அங்கே வந்து இருந்துண்டிருக்கு, ஒரு உசுரு! பட்டர் அழுதுட்டார்.

பூவாயி: பொயச்சுதா அந்தப் பசு?

பாஷ்யம்: பொழைச்சுது. எப்படிப் பொழைச்சுது? தெரிஞ்ச நாளிலேர்ந்து கூடவே இருந்து பாத்துண்டோம். பாரம் தூக்க விடலே. நல்ல தீனி. வாரா வாரம் நான் போய்ப் பாத்தேன். வயசான உடம்பு, கஷ்டம் உண்டு, இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். யாருக்கும் சொல்லாம மூலையில படுத்துண்டிருந்தா போயிருக்கும்.

பூவாயி: மூலையில படுத்துனுதான்...

பாஷ்யம்: மாட்டுக்கு நான் ஒருத்தன்தான். மனுஷாளா இருந்தா இன்னும் சௌகரியம். ரெண்டு தெரு தாண்டினா பெரியாஸ்பத்திரி. லேடி டாக்டர் தங்கமானவ, வெக்கப்படும்படியா ஒரு வார்த்தை கேக்க மாட்டா. ரத்தம் பாப்பா, மாசாமாசம் வரச் சொல்லுவா. பிரசவத்தையும் அங்கேயே வெச்சுக்கச் சொல்லுவா. அதுதான் சரி.

பூவாயி: அந்தக் கேட்டு வரைக்கும் போனேன் சாமி. காலையில... ரெண்டு தபா. கூடையோட நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன்.

சடையன்: ஆமா சாமி! அங்க எதுக்கு நின்னான்னு எனக்கே புரியல. நாய்க்கு லேடி டாக்டரு பாப்பாங்களா? வயிமாறி வந்துட்டான்னு இட்டுகினு வந்தேன்.

பாஷ்யம்: இந்தத் தரம் என் ஆத்துக்காரி கோமளம் கூட வருவா. நாலு வார்த்தை அவ பேசிக்குவா. நீ தலையை ஆட்டினாப் போறும்.

சடையன்: யாரு கூட யாரு வர்றாங்க? சாமி, நொரயாயி வயித்துல ஏதாச்சும் கீதா இப்ப? பொய் சொல்லாதீங்க.

பாஷ்யம்: அமுக்கிப் பாத்துட்டேன். அதுக்கு ஒண்ணும் இல்லே. வயிறு காலி. அந்தக் கெழவி இன்னும் நாலு வருஷம் ஒன்னை ஒறுமிண்டு இருப்பா.

சடையன்: அப்பாடா! உசுரு வந்துச்சு. ஏந்திரு பூவாயி. வூட்டுக்குப் போனதும் மொத வேலை, அந்த ஏணைய அவுத்துக் கடாசணும். கெழவிக்கு இன்னா ஏணை! குப்பமே சிரிக்கும். தூக்கு கூடைய.

பாஷ்யம்: கூடையை அவ தூக்கப்படாது. நீ தூக்கு.

சடையன்: அவளா? ரெண்டு மணங்கு மீனத் தலையில வெச்சுகினு சதுரங்கப்பட்டணம் வரைக்கும் நடப்பா சாமி.

பாஷ்யம்: இனிமே நடக்கப்படாது. அசடே, அரை நாழியா நான் நாயைப் பத்தியா பேசிண்டிருக்கேன்?

சடையன்: பின்ன... யாரப் பத்தி? பூவாயி... இன்னா மே, சிரிக்கறியா அழுவுறியா?

பூவாயி: ஏணைய அவுக்காத மச்சான்... எனக்கு நாலு மாசம் ஆவுது.